எட்டாவது ஓம்

அன்புள்ள பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் மொன்றியலுக்குப் பக்கத்தில் லொங்குய்யில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருத்தி புல்லாங்குழல், ஒருவன் செல்லோ, மற்றவன் தாளவாத்தியம். மூவரும் புதிய இசை வாசிக்கும் குழுக்களில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள். தேத்தண்ணி ஆறும் முன்பே முறைப்பாடு தொடங்கிவிட்டது. "அன்ரி, உங்கட காலத்து ஆக்களுக்கு வேலை லேசு. தாளில எழுதிக் கிடக்கிற சுரத்தை வாசிச்சாக் காணும். எங்களை நடக்கச் சொல்லினம், கத்தச் சொல்லினம், சொந்தக் கதையைக் கொண்டுவாங்கோ எண்டு சொல்லினம். நாங்கள் வாத்தியக்காரரோ, நாடகக்காரரோ?" என்று செல்லோக்காரன் கேட்டான்.  பலகாரத் தட்டை நீட்டிச் சமாளித்தேன்.

எழுதித் தாருங்கள் என்றீர்கள். அதுவும் தமிழில், எழுத்துக்கூட்டியாவது வாசிப்போம் என்று சத்தியம் பண்ணினீர்கள். பார்ப்போம். விரலை எங்கே வைப்பது, ஒரே மூச்சில் இரண்டு சுரத்தை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் கிளாரினெற் ஊதியதில் நான் செய்த பெரிய பிழை ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பிழை ஒரேயொரு சொல்லில் நடந்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் பிறந்த ஒருத்தியால் மட்டுமே அதை அவ்வளவு அழகாகச் செய்திருக்க முடியும்.

எனக்குக் கிளாரினெற் கிடைத்தது மொன்றியலில் ஒரு பள்ளிக்கூட அலுமாரியில் இருந்து. புல்லாங்குழல்களை மற்றப் பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள், மிஞ்சியது அதுதான். சொந்தக்காரர் எல்லோரும் அதை ஒரு வகை நாதஸ்வரம் என்று முடிவு கட்டி, கோயில் திருவிழாவுக்கு எப்போது ஊதுவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு இசைக் கல்லூரிக்குப் போனேன். அங்கே எனக்கு வாய்த்த ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "உன்னுடைய அபிப்பிராயம் எனக்குத் தேவையில்லை. தாளில் உள்ளது வெளியே வரட்டும். நீ வெளியே வராதே." உங்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரெஞ்சு அரைகுறை, ஆங்கிலம் அதைவிட அரைகுறை, வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கும். தாள் மட்டும் நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்கவில்லை. அதற்குப் பின்னால் நான் சந்தோசமாக ஒளிந்துகொண்டேன்.

ஒளிந்திருந்தது கனகாலம் நீடிக்கவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட புதிய இசைக் குழு ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. முதல் ஒத்திகையில் என் தாளைப் பிரித்தால் நடுப்பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி. மேலே 'இரண்டு நிமிடம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்து இசை நடத்துநரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதில் எந்தச் சுரம்?" என்று கேட்டேன். "உன்னுடைய சுரம்," என்றார். என்னிடம் சொந்தமாகச் சுரம் எதுவும் இருக்கவில்லை. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பழகிய ஏறு வரிசை, இறங்கு வரிசையை இரண்டு நிமிடத்துக்கு மேலும் கீழுமாக ஊதினேன். பதினொரு பேரும் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அடக்கிய முகங்களை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அதற்குப் பிறகு பெட்டிகள் கூடிக்கொண்டே போயின. ஒருவர் கோடுகளை மட்டும் கீறித் தருவார். இன்னொருவர் வாத்தியத்துக்குள் பேசச் சொல்வார். வேறொருவர் சுரமே வேண்டாம், மூச்சு மட்டும் போதும் என்பார். நானும் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன், பிடித்தும் போயிற்று. எழுதியவர் பாதி, வாசிப்பவர் மீதி என்று வேலை மாறிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்குள் ஒரு பழக்கம் மாறவில்லை. யார் எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டிவிடுவேன். முன்பு தாளுக்குத் தலையாட்டினேன், இப்போது ஆட்களுக்கு ஆட்டினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா நகரின் வடக்கே மொன்றியல்-நோரில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறா. தையல் ஆலையில் இருபது வருடம் வேலை செய்தவ. குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு கச்சேரிக்கு அவவை நான் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கென்று பார்த்து எனக்கு மூச்சு மட்டும் ஊதும் பாட்டு. பதினைந்து நிமிடம் கிளாரினெற்றுக்குள் காற்றைத்தான் விட்டேன். முடிந்ததும் அம்மா மேடைக்குப் பின்னால் வந்து, எல்லோரும் நிற்க, பெரிய குரலில், "ஏன் பிள்ளை, வாத்தியம் பழுதோ? வேற ஒண்டு வாங்கித் தரமாட்டினமோ?" என்று கேட்டா. என்ன சொல்கிறா என்று எங்கள் குழுவில் ஓபோ என்ற குழல் ஊதுபவள் ஆவலோடு என்னைக் கேட்டாள். "பாராட்டுகிறா," என்று பிரெஞ்சில் பொய் சொல்லி, அம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கி மெற்றோவுக்குக் கொண்டுபோய்விட்டேன். அதற்குப் பிறகு நான் அவவைக் கூப்பிடவில்லை. முழங்கால் நோவு, தூரம், குளிர் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தை நானே சொல்லிக்கொள்வேன்.

இனி ஜூலி. என் கடைசி வருடங்களில் எங்கள் குழுவுக்கு ஒரு நீண்ட படைப்பு எழுத வந்த இளம் இசையமைப்பாளர் அவள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, கேட்டால் எதையும் குறிப்பெடுத்துக்கொள்வாள். ஒத்திகைக்கு மூன்று மாதம் முன்பு பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு, "உங்கள் நாளில் இருந்து எனக்குப் பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். நான் உங்களுக்காக எழுதவில்லை, உங்களில் இருந்து எழுதப்போகிறேன்," என்றாள். எல்லோரும் உருகினார்கள். நான் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு மறந்துபோனேன்.

கடைசி நாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. சமையலறை மேசையில் பதிவுக் கருவியை வைத்துவிட்டு, நாணல் சீவ உட்கார்ந்தேன். கிளாரினெற் வாயில் பொருத்தும் நாணல் துண்டைக் கத்தியால் சீவும் சத்தம் நன்றாக இருக்கும், ஜூலிக்குப் பிடிக்கும் என்பது என் கணக்கு. நாணலின் நுனி கடதாசியை விட மெல்லிசு. அதைச் சீவும்போது மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவோம். அந்த நேரம் பார்த்து அம்மாவிடம் இருந்து போன். கையெல்லாம் வேலை, ஒலிபெருக்கியில் போட்டேன். அம்மா கதைக்கிறா, நான் சீவிக்கொண்டே ஓம் ஓம் என்கிறேன். பத்து நிமிடம் முடிந்தது. திருப்பிக் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன்.

இந்தியத் தமிழர் 'ஆமாம்' என்பதை நாங்கள் 'ஓம்' என்போம். கடையில் மிளகாய்த்தூள் வேண்டுமா என்றாலும் ஓம்தான், கலியாணத்துக்குச் சம்மதமா என்றாலும் ஓம்தான். இது உங்களுக்குத் தெரியும். ஜூலிக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அவள் என்னை நடைவழியில் மறித்து, "பதிவைக் கேட்டேன், மயிர்க்கூச்செறிந்தது. அது அந்தப் புனிதமான ஓம் தானே?" என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அவள் வேறெதையோ பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேனா, காதில் விழவே இல்லையா, இன்றுவரை தெரியவில்லை. "உய், உய்," என்று பிரெஞ்சில் ஓம் போட்டுவிட்டு ஓடினேன்.

முதல் ஒத்திகையில் தாள்கள் வந்தன. நாணல் சீவும் சத்தத்தை அவள் குப்பையில் போட்டுவிட்டாள். அம்மாவின் குரலையும் வெட்டிவிட்டாள். எஞ்சியது என்னுடைய ஒன்பது ஓம். ஒவ்வொன்றையும் இழுத்து, ஆழமாக்கி, ஒலிபெருக்கியில் விட்டு, அதற்குக் கீழே பன்னிரண்டு வாத்தியங்களுக்கும் நீண்ட சுரங்கள் எழுதியிருந்தாள். எட்டாவது ஓம்தான் நடு உச்சம். அது மட்டும் ஒரு முழு நிமிடம். நிகழ்ச்சி ஏட்டில், கிளாரினெற் கலைஞரின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் தியான ஒலி என்று அச்சடிக்கக் கொடுத்திருந்தாள்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. அதற்குப் பிறகு வந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பெருமை வந்தது. நான் பக்கத்தில் வந்தால் குழுவில் எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். ஓபோக்காரி முதுகுவலிக்கு எந்தத் தியானம் நல்லது என்று கேட்டாள். நான் யோசிப்பது போல் யோசித்து, காலையில் எழும்பி மூச்சைக் கவனி என்றேன். மூன்றாம் ஒத்திகையில் எட்டாவது ஓம் வரும்போது கண்ணையும் மூடிக்கொண்டேன். யாரும் மூடச் சொல்லவில்லை. இதைவிட நாடகம் வேறு என்ன இருக்கிறது, செல்லோக்காரத் தம்பி?

என்னைப் பிடித்தவர் எங்கள் ஒலிக்காரர். பதிவுகளையும் ஒலிவாங்கிகளையும் பார்த்துக்கொள்பவர், ஹெயிட்டியைச் சேர்ந்தவர், அவரும் மொன்றியல்-நோர்தான். சுரமெழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் எல்லோரையும் விட நல்ல காது அவருடையது. கச்சேரிக்கு ஆறு நாள் இருக்கும்போது, மதிய இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஜூலி கேட்டு அந்த ஒன்பதையும் வெட்டியெடுத்தது நான்தான். முழுப் பதிவும் என்னிடம் இருக்கிறது. எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? எட்டாவதுக்கு முன்னால் மற்றக் குரல் மேலே போகிறது. அது கேள்வி. நீ பதில் சொல்கிறாய். அதற்குப் பிறகு அந்தக் குரல் நின்றுவிடுகிறது. ஏழு விநாடி, எண்ணிப் பார்த்தேன். அவ உன்னிடம் என்ன கேட்டா?"

"அது அம்மா. மீன் விலை சொல்லியிருப்பா," என்றேன்.

"என் அம்மாவும் போனில் அப்படி நிற்பதுண்டு. மீனுக்கு நிற்கமாட்டா," என்று சொல்லி, பதிவைக் கேட்கும் காதுக் கருவியை என்னிடம் நீட்டினார்.

கேட்டேன். நாணல் சீவும் சத்தத்துக்குப் பின்னால் அம்மா.

"இந்த முறை உன்ர கச்சேரிக்கு நான் ஒருக்கா வரட்டோ?"

"ஓம்."

"தம்பி கார்ல கொண்டுவந்து விடுறன் எண்டவன்."

"ஓம்."

"இல்லைப் பிள்ளை, நான் வந்தா உனக்கு வெக்கமோ?"

"ஓ…ம்."

நுனி சீவிக்கொண்டிருந்திருப்பேன். அதனால்தான் அது அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நீளமாக வந்திருக்கிறது. பிறகு கத்தியின் சத்தம் மட்டும். பிறகு அம்மா சொல்கிறா: "சரி பிள்ளை. மீன்காரன் இண்டைக்கு நல்ல விளைமீன் கொண்டுவந்தவன்." நான் ஒன்பதாவது ஓம் சொல்கிறேன்.

காதுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அம்மாவைக் கைபிடித்து இறக்கிய அந்தப் பழைய படிக்கட்டு ஞாபகம் வந்தது. அந்த எட்டாவது ஓம் வெறும் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.  ஒலிக்காரர் தன் மதியச் சாப்பாட்டில் பாதியை ஒரு மூடியில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

இடைவேளை முடிந்ததும் ஜூலியிடமும் நடத்துநரிடமும் போய்ச் சொன்னேன். அது மந்திரம் இல்லை, 'உய்' என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். என் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது உண்மைதான், உங்கள் குடும்பத்தில் 'உய்' சொல்வதுபோல. எட்டாவது ஓம், 'நீங்கள் வந்தால் எனக்கு வெட்கம்' என்று என் அம்மாவிடம் நான் சொன்னது.

ஜூலி கழுத்து வரை சிவந்துபோனாள். நடத்துநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நாள் இருக்கிறது. மாற்ற நேரமில்லை. மண்டபத்தில் யாருக்கும் உன் மொழி தெரியாது. ஒலி நன்றாக இருக்கிறது, அப்படியே போகலாம்," என்றார்.

"முடியாது," என்றேன்.

அந்த அறையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும். "அப்படியானால் உன் பகுதியை வாசிக்க வேறு ஒருவரைக் கூப்பிட வேண்டிவரும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நேரக்கணக்குப் பார்த்துத்தான் சொன்னார்.  ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருந்தது, அந்தக் கதிரை எனக்கு வேண்டும். இருந்தும், "கூப்பிடுங்கள். ஆனால் குரல் என்னுடையது. அதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். அம்மாவிடம் கேட்காமல் அவவின் குரலை உங்களுக்குத் தந்ததும் என் பிழை," என்றேன்.

ஜூலிதான் முடிவெடுத்தாள். "இவவில் இருந்து எழுதுகிறேன் என்று சொன்னது நான். இவவிடமே சரியாகக் கேட்கவில்லை," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த ஓம் பகுதியை வெட்டுகிறேன். அந்த இடத்தில் உன் அம்மாவின் கேள்வி மட்டும் இருக்கட்டும், அவ சம்மதித்தால். பதில் ஒரு பெட்டி. வெறும் பெட்டி," என்றாள். நடத்துநர் பென்சிலை எடுத்தார். நிகழ்ச்சி ஏட்டை மீண்டும் அச்சடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தாளுக்குப் பின்னால் நின்ற காலத்தில் நாங்கள் விட்ட பிழை விரலின் பிழை. அடுத்த நாள் திருத்தலாம். இப்போது உங்களிடம் உங்கள் குரலை, உங்கள் வீட்டை, உங்கள் மொழியைக் கேட்கிறார்கள். கொடுக்கலாம், நானும் சந்தோசமாகக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கொடுக்கும் முன் அது என்ன என்று நீங்களே ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். அதில் வேறு ஆளின் குரலும் இருந்தால் அந்த ஆளிடம் கேளுங்கள். அவர்கள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு உங்களை உயரத்தில் தூக்கி வைத்தால், அந்த உயரம் எவ்வளவு சுகமாக இருந்தாலும் அன்றைக்கே இறங்கிவிடுங்கள். நான் மூன்று ஒத்திகை பிந்தி இறங்கினேன்.

அன்று பின்னேரமே அம்மாவிடம் போனேன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. கச்சேரிக்கு வாருங்கள் என்றேன். "எனக்கு முழங்கால் நோ," என்றா, என்னைப் பார்க்காமல். நான் வழக்கமாக எனக்கே சொல்லும் காரணத்தை அவ எனக்குச் சொன்னா. கைபேசியை எடுத்து அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன்.

அம்மா முழுதையும் கேட்டா. "என்ர குரல் இவ்வளவு கீச்சோ?" என்றுதான் முதலில் கேட்டா.

"அம்மா, நான் அண்டைக்கு நீங்கள் கதைச்சதைக் கேக்கேல்லை. நாணல் சீவிக்கொண்டிருந்தனான்."

"நீ கேக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். சின்னனில இருந்து நீ அப்பிடித்தான் ஓம் போடுறனி." வெங்காயத்தைக் கீழே வைத்தா. "ஆனா ஓம் எண்டது கேட்டது தானே. ரெண்டு நாள் நித்திரை வரேல்லை."

கைபேசியை அணைத்து மேசையில் வைத்தேன்.

"சரி, இப்ப காதைக் குடுத்துக் கேட்டிட்டுச் சொல்லு. உனக்கு வெக்கமோ?"

இல்லை என்று சொல்வது லேசு. ஆனால் கேட்டது என் அம்மா, எதிரே இருந்தா, என் முகத்தைப் படிக்கத் தெரிந்தவ. "இருந்தது," என்றேன்.

அம்மா வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினா. "அந்த வாத்தியத்துக்கால காத்துத்தானே வந்தது. பழுதெண்டு நினைக்காமல் வேற என்னத்தை நினைக்கிறது?" என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவவுக்கும் வந்தது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தோம், வெங்காயம் பக்கத்தில் இருந்தது வசதியாகப் போயிற்று. 'இப்போது இல்லை அம்மா, வாருங்கள்' என்ற வசனம் தொண்டை வரை வந்தது. அதற்குள் அடுப்பில் ஏதோ பொங்கி, அவ எழும்பிவிட்டா. உங்கள் குரலைக் கச்சேரியில் போடட்டோ என்று மட்டும் கேட்டேன். "போடு. கீச்சைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு," என்றா. வருவீர்களா என்றதற்கு, "பாப்பம்," என்றா. எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் கருத்து.

கச்சேரி நாள். பழைய தேவாலயம் ஒன்றை மண்டபமாக்கியிருந்த இடம். வாசிக்கத் தொடங்கும் முன் திரைக்குப் பக்கத்தால் எட்டிப் பார்த்தேன். ஏழாம் வரிசையில் தம்பி. அவனுக்குப் பக்கத்தில் அம்மா, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. வாசிக்கத் தொடங்கியபோது என் முதல் சுரம் ஆடியது. அதை யாரும் கவனிக்கவில்லை, ஒலிக்காரரைத் தவிர.

பாதி தாண்டியது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அமைதியில் அம்மாவின் குரல் மண்டபம் முழுக்க வந்தது, கீச்சு கொஞ்சம் குறைத்து: "இல்லைப் பிள்ளை, நான் வந்தா உனக்கு வெக்கமோ?"

என் தாளில் பெட்டி. ஆறு நாளும் அந்தப் பெட்டிக்கு நான் ஒரு பதில் பழகியிருந்தேன். அடியில் இருந்து எழும்பும் ஒரு நீண்ட சுரம், நல்ல சுரம். நடத்துநர் கையை உயர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளாரினெற்றை வாயில் வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, அந்த நல்ல சுரத்துக்குப் பின்னால் நான் மறுபடியும் ஒளியப் போகிறேன் என்று. அம்மா கேட்டது தமிழில். கிளாரினெற்றில் சொன்னால் மண்டபமே கைதட்டும். அம்மாவுக்கு மட்டும் விளங்காது.

வாத்தியத்தை மடியில் இறக்கினேன். யாருக்கும் முன்னறிவித்தல் இல்லை. வாயில் வந்தது ஒரு சொல்தான்.

"அம்மா."

மேடையில் இருந்து கூப்பிடுகிறேன் என்பதெல்லாம் அவவுக்குப் பொருட்டே இல்லை. அடுத்த அறையில் இருந்து கூப்பிட்டால் எப்படிச் சொல்வாவோ, அப்படி ஏழாம் வரிசையில் இருந்து பதில் வந்தது.

"என்ன பிள்ளை?"

சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. இதுவும் எழுதியதுதான் என்று நினைத்திருப்பார்கள். நடத்துநரின் கை அந்தரத்தில் நின்றது. அதை அவர் கீழே இறக்காமல் வைத்திருந்ததற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.  பெரிய குரலிலேயே சொன்னேன்.

"நீங்கள் வந்தது எனக்குச் சந்தோசம்."

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தா. கைப்பையைச் சரிசெய்தா.

"சரி, சரி. சனம் பாக்குது. வாசி."

நான் கிளாரினெற்றை எடுத்து வாசித்தேன்.